கசெற் தானாகப் பழுதாகவில்லை

கரம்பொன்

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் உறையின் பின்பக்கத்தைப் பார். ஒட்டிய இடத்துக்கு மேலே குறுக்காக என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். எழுத்து எங்காவது விலகியிருந்தால் யாரோ திறந்து வாசித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். தபாலில் போட மனம் வரவில்லை. கொழும்புக்கு ஓடும் வேலணை வான்காரரிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன். நம்பிக்கையான மனிதர் என்று ஊரெல்லாம் சொல்கிறது. ஊரெல்லாம் ஒருவரை அப்படிச் சொன்னால் எனக்கு அவரை இன்னொரு தடவை பார்க்கத் தோன்றும். நீ சிரிப்பாய். “அப்பாவுக்குத் தன்ர நிழலிலயும் சந்தேகம்” என்று பாவாடை கட்டிய வயதிலேயே சொன்னவள் நீ. சிரித்துவிட்டுப் போ. ஆனால் கடைசிவரை வாசி. நடுவில் நிறுத்திவிட்டால் நான் எழுதியது பாதிதான் உன்னிடம் வந்து சேரும். பாதி உண்மை என்ன செய்யும் என்பது இந்த வீட்டில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

போன மாதம் நீ அனுப்பிய பார்சலில் மூக்குக்கண்ணாடியும் அம்மாவின் மருந்தும் இருந்தன. அடியில் உன் கணனி வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக நீயே தமிழில் எழுதிய பாடக்குறிப்பு இருந்தது. “வாசிச்சுப் பாருங்கோ அப்பா, உங்களுக்கு விளங்கினால் எல்லாருக்கும் விளங்கும்” என்று ஒரு துண்டும் வைத்திருந்தாய். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் வாசித்தேன். கணனி வெளியிலிருந்து தரவை வாங்கும், சொல்லிக்கொடுத்தபடி அதை ஒழுங்குபடுத்தும், கேட்டால் திருப்பிக் கொடுக்கும். வாங்குவது உள்ளீடு, கொடுப்பது வெளியீடு. அது தானாக யோசிக்காது. மின்சாரம் இருக்கிறது, இல்லை என்ற இரண்டு நிலைகளை ஒன்று, பூச்சியம் என்று வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் எழுதிவிடும். பிறகு தொடர்பாடல் என்று ஒரு பகுதி. அனுப்புகிறவர், செய்தி, செய்தி போகும் வழி, பெறுகிறவர், வழியில் புகுந்து செய்தியைக் கெடுக்கும் இரைச்சல். எட்டாம் வகுப்போடு கடைக்குப் போன எனக்கே விளங்கியது. நல்லாய் எழுதியிருக்கிறாய். அம்மாவிடமும் சத்தமாக வாசித்துக் காட்டினேன், நாலாம் பக்கம் வரை.

நாலாம் பக்கத்தில் சேமிப்பு என்ற தலைப்பின் கீழே நீ இப்படி எழுதியிருக்கிறாய்: “நான் பதினேழு வயதில் ஓர் ஊர்ப் பட்டியலை ஒரேயொரு கசெற்றில் மட்டும் பதிந்து வைத்திருந்தேன். என் கவனக்குறைவால் அது பழுதாகியது. தேவைப்பட்ட நாளில் திறக்க முடியவில்லை. ஓர் உயிர் போயிற்று. ஆகையால் எப்போதும் இரண்டு பிரதிகள் எடுங்கள்.” நான் வாசிப்பதை நிறுத்தினேன். அம்மா நிமிர்ந்து பார்த்தா. கண்ணாடி புதுசு, தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வளவுக்குள் போய் நின்றேன். பிள்ளை, அது உன் கவனக்குறைவு அல்ல. கசெற் தானாகப் பழுதாகவும் இல்லை. நான் பழுதாக்கினேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் எண்பத்து மூன்றிலிருந்து தொடங்குகிறேன். அதை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. தெற்கே அந்தச் சின்னப் பட்டணத்தில் என் கடைக்குச் சிங்களத்தில் ஒரு பூவின் பெயர் வைத்திருந்தேன் என்பது உனக்குத் தெரியும். தெருவால் போகிறவனுக்கு அது தமிழன் கடை என்று கண்டுபிடிக்க வழியில்லை. அந்த ஆடி மாதக் கலவரத்தில் கடைகளை எரிக்க அவர்கள் வந்தபோது, பின்வீட்டுக்காரர் என்னைத் தன் அறைக்குள் மறைத்து வைத்திருந்தார். யன்னல் இடுக்கால் பார்த்தேன். முன்னால் வந்தவன் கையில் மடித்த கடதாசிகள். அவன் விரலை வைத்து வாசித்தான். மற்றவர்கள் அவன் காட்டிய பக்கம் நடந்தார்கள். பக்கத்துக் கடையைத் தொடவில்லை. நேராக என் கடைக்கு வந்தார்கள். வாக்காளர் பெயர் எழுதிய இடாப்பு என்று பிறகு சொன்னார்கள். ஒழுங்காக வாக்குப் போட வேண்டும் என்று நானே படிவம் நிரப்பிக் கையெழுத்து வைத்துக் கொடுத்த பெயர் அது. கடை எரிந்ததைக் கூட நான் சில நாட்களில் மறந்திருக்கிறேன். அந்த விரல் கடதாசியில் இறங்கி வந்ததை ஒரு நாளும் மறந்ததில்லை.

அப்படி ஊருக்குத் திரும்பிய மனிதனின் வீட்டுக்குத்தான் உன் சின்ன மாமா லண்டனிலிருந்து அந்தக் கணனிப் பெட்டியை அனுப்பினார். அவருடைய நண்பர் ஒருவர் பயணப் பைக்குள் உடுப்பால் சுற்றி, வழிநெடுகச் சோதனைச் சாவடிகளில் விளையாட்டுச் சாமான் என்று சொல்லிக்கொண்டு வந்து தந்தார். எழுதும் கொப்பி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, மேலே றப்பர் பொத்தான்கள். நான் அதைத் தொடாமல் சுற்றிப் பார்த்தேன்.

“ஒருத்தன் இவ்வளவு தூரம் சும்மா காவிக்கொண்டு வருவானோ? என்னத்துக்கு?”

“தம்பி தன்ர மருமகளுக்கு அனுப்பினது. உங்களுக்கு எல்லாத்திலயும் ஒரு நொட்டை,” என்றா அம்மா.

நீ அதை ரீவியில் மாட்டினாய். அதற்குத் தமிழ் தெரியாது. எங்கள் ஊர்ப் பெயர்களை எல்லாம் இங்கிலிஸ் எழுத்தில்தான் அடித்தாய். ஒரு பின்னேரம் இரண்டு மணித்தியாலமாக எதையோ அடித்துக்கொண்டிருக்கும்போது கறண்ட் போனது. ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது, ஆனால் திரையில் ஒன்றுமில்லை. நீ அழுதாய். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. விளக்கு அணைந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிற சாமான் என்றால் வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். நீ கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாய், “இதுக்கு ரெண்டு ஞாபகம் அப்பா. ஒண்டு கறண்ட் இருக்குமட்டும்தான் நிக்கும். மற்றது கசெற்றில பதிஞ்சா அப்பிடியே கிடக்கும்.” அந்த இரண்டாவது ஞாபகம் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் நீ பள்ளிக்கூடம் போன நேரம் அந்தக் கசெற்றை ரேப் றெக்கோடரில் போட்டுக் கேட்டேன். பாட்டுமில்லை, பேச்சுமில்லை. தகரத்தில் ஆணியால் இழுத்தது போல ஒரே கீச்சல். பெண்பிள்ளை ஒருத்தி இப்படி ஒரு சத்தத்தை ஒளித்து வைத்திருக்கிறாள் என்றால் எந்தத் தகப்பனுக்கும் என்ன தோன்றும்? அந்தக் காலத்தில் என்ன தோன்றும்? நீ வந்ததும் விசாரித்தேன். நீ ஒளிக்கவில்லை. ஆசையாகச் சொல்லித் தந்தாய். “உந்தச் சத்தம்தான் எழுத்து. ஒண்டுக்கு ஒரு மாதிரிச் சத்தம், பூச்சியத்துக்கு வேற மாதிரி. பெட்டி கேட்டுக் கேட்டுத் திருப்பி எழுத்தாக்கும்.” கெட்டுப்போனால் என்று கேட்டேன். “இடையில ஒரு சொட்டுப் பிழைச்சாலும் முழுக்க வராது.” நீ எனக்கு அன்றைக்குப் படிப்பித்ததை நான் உனக்கு எதிராக எடுத்து வைத்துக்கொண்டேன்.

பட்டியல் வந்த கதை உனக்குத் தெரியும். எனக்குள் அது எப்படி விழுந்தது என்பதுதான் தெரியாது. தீவு ஆஸ்பத்திரியில் இரத்தம் சேர்த்து வைக்க வசதியில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போகும் பண்ணைப் பாதை எந்த நாள் மூடும், எந்த நாள் திறக்கும் என்று சொல்ல ஏலாது. யார் யாருக்கு என்ன வகை இரத்தம் என்று தெரிந்தால் அவசரத்துக்கு ஆளைக் கூப்பிடலாம் என்று டொக்டர் சொல்ல, வாசிகசாலைக்காரர் ஒழுங்கு செய்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் பாடசாலையில் மேசை போட்டு விரல் நுனியில் குத்திப் பார்த்தார். வகையை ஒரு துண்டில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்தார்கள், கொப்பியிலும் எழுதினார்கள். அம்மா போய்க் குத்திக்கொண்டு வந்தா. நான் போகவில்லை. என் விரலும் என்னோடு இருக்கட்டும், பெயரும் என்னோடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை என் இரத்தம் என்ன வகை என்று எனக்குத் தெரியாது. முந்நூறுக்கு மேற்பட்ட பெயர்களை நீ கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்துப் பார்த்து அந்தப் பெட்டிக்குள் அடித்துக் கசெற்றில் பதிந்தாய்.

அடித்து முடித்த அன்று என்னைக் கதிரை போட்டு இருத்திக் காட்டினாய். ஒரு வகையைக் கேட்டால் அந்த வகைக்காரர் எல்லோரும் திரையில் வந்தார்கள். பெயர், வயது, எந்தத் தெரு, எந்த ஒழுங்கையில் வீடு. எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. பிறகு நீ சொன்னாய்:

“வயசைக் குடுத்தும் கேக்கலாம் அப்பா. இப்ப பாருங்கோ, பதினெட்டிலயிருந்து இருபத்தஞ்சு, ஆம்பிளையள் மட்டும்.”

பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக விழுந்தன. எதிர்வீட்டுப் பொடியன். கோயிலடிப் பொடியன். எல்லோருக்கும் பக்கத்தில் வீடு.

“ஆர் கேட்டாலும் குடுக்குமோ?” என்று கேட்டேன்.

“ஓம், ஆர் கேட்டாலும். அது ஆரெண்டு பாக்காது அப்பா. கேள்வி சரியா இருந்தாச் சரி.”

நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். நான் திரையில் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ பரீட்சைக்காகப் பெரியம்மா வீட்டில் இரண்டு நாள் போய் நின்றபோது அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தேன். எரிப்பதற்கு முதல் பக்கம் பக்கமாக வாசித்தேன். யார் யாருடைய பெயர் இருக்கிறது, யார் எழுதியது, இடையில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். உன் கையெழுத்தும் இன்னொருவரின் அழகான கையெழுத்தும் இருந்தன. அரிதான வகைக்காரர் மூவரின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தாய். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் குசினி அடுப்பில் வைத்தேன். பிறகு கசெற். முழுவதையும் அழித்தால் நீ கண்டுபிடிப்பாய் என்று தெரியும். அதனால் நடுவில் ஓடவிட்டு, பதிகிற பொத்தானை ஒரு மூச்சு விடும் நேரம் அழுத்தினேன். அவ்வளவுதான். திருப்பி இருந்த இடத்திலேயே வைத்தேன். ஊரையே காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன், பிள்ளை. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் யாருக்கும் அது தேவைப்படவில்லை. பிறகு அந்தக் காலை. சந்தியில் சைக்கிள் திருத்தும் பரமநாதனின் மனைவி செல்வராணிக்குப் பிள்ளை பிறந்து, இரத்தப் போக்கு நிற்கவில்லை. பண்ணைப் பக்கம் வெடிச்சத்தம், பாதை இல்லை. ஒன்பது மணி போல பரமநாதன் சைக்கிளில் வந்து வேலிப் படலையிலேயே நின்று கூப்பிட்டார்.

“தங்கச்சி, டொக்டர் அந்த லிஸ்ற்றைக் கேக்கிறார். ஓ நெகற்றிவ்வாம். கெதியாப் பாரும்.”

நல்லவேளை கறண்ட் இருந்தது என்று அம்மா சொன்னா. நீ கசெற்றைப் போட்டாய். கீச்சல் கேட்டது, திரையில் கோடுகள் ஓடின, நின்றது. மறுபடி போட்டாய். சத்தத்தைக் கூட்டிப் போட்டாய், குறைத்துப் போட்டாய். அந்த வகையில் மூன்று பேர் என்பது உனக்கு நினைவிருந்தது. ஒருவர் சவூதிக்குப் போய்விட்டார், ஒருத்தி கலியாணம் கட்டி வவுனியாவில். மூன்றாவது ஆள் யார் என்று நினைவு வரவில்லை. கொப்பியைத் தேடினாய். அம்மா அலுமாரியை முழுவதும் வெளியில் இழுத்துப் போட்டுவிட்டு, “ஐயோ, பழைய கடதாசியளோட நான்தான் சாமான் சுத்தச் சங்கக்கடைக்குக் குடுத்திட்டனோ தெரியேல்லை” என்று தலையில் கையை வைத்தா. நீ என்னைப் பார்த்தாய். “அப்பா, இது ஏனப்பா வருகுதில்லை?” என்று கேட்டாய்.

“கடல்காத்து. உப்புப் பிடிச்சிருக்கும்,” என்றேன்.

இனி எழுதப்போவதுதான் நான் ஒருவருக்கும் சொல்லாதது. மூன்றாவது பெயர் எனக்குத் தெரியும். சிவப்புக் கோட்டின் மேல் இருந்த பெயர். துறையடியில் வள்ளம் ஓட்டும் அந்தோனிப்பிள்ளை. என் வாய்க்குள் அந்தப் பெயர் இருந்தது. சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். கொப்பியை நான் வாசித்தது தெரியும். பிறகு எல்லாம் தெரியும். நீ நாலாம் தரம், ஐந்தாம் தரம் கசெற்றைப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பரமநாதன் படலைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். முக்கால் மணித்தியாலம். அதற்குப் பிறகுதான், ஏதோ யோசித்துச் சொல்கிறவன் போல, “துறைப்பக்கத்துச் சனமும் கனபேர் குடுத்தவை. அந்தோனிப்பிள்ளை வீட்டையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்” என்றேன். பரமநாதன் பறந்தார். அந்தோனிப்பிள்ளையின் மனைவி துண்டை எடுத்துக் காட்டியிருக்கிறா, ஓ நெகற்றிவ்தான். ஆனால் அவர் அரை மணித்தியாலத்துக்கு முதல்தான் அனலைதீவுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு வள்ளத்தை விட்டிருந்தார். பின்னேரம் கரைக்கு வந்தவர் ஈர உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்க் கையை நீட்டினாராம். டொக்டர் தலையை ஆட்டினாராம். பிள்ளை தப்பியது. செல்வராணி இல்லை.

நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. “சத்தத்தை இன்னும் கூட்டி வைச்சுப் பதிஞ்சிருக்க வேணும் அப்பா. இன்னொரு கசெற்றிலயும் எடுத்திருக்க வேணும். என்ர பிழை” என்றாய். நான் உன் தலையைத் தடவி, விதி என்று சொன்னேன். அந்தக் கையை இப்போது பார்க்கப் பிடிக்கவில்லை.

அதன்பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அது இன்னொரு பாதி உண்மை. அந்த வருடக் கடைசியில் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று நான் எழுதப்போவதில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்கள். “ஐயா, உங்கட மகள் ஊர்ச்சனத்தின்ர லிஸ்ற் ஒண்டு வைச்சிருக்கிறாவாம். வயசு வாரியாப் பிரிக்கலாமாம்.” பழுதாகிவிட்டது என்றேன். நம்பாமல் போட்டுப் பார்த்தார்கள். வரவில்லை. பெட்டியைக் கொண்டுபோனார்கள். நீ கொழும்புக்குப் போன பிறகு சீருடை போட்ட வேறு ஆட்கள் வந்து அதே பட்டியலைக் கேட்டார்கள். வளவைக் கிண்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினேன். நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று எனக்கு நானே சொன்னேன். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நாலு வருடம் ஓட்டினேன். செல்வராணியின் முகம் வரும்போதெல்லாம் அந்த இரண்டு சைக்கிள்களையும் நினைத்துக்கொள்வேன்.

இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியாது. பட்டியலைப் பற்றி நான் பயந்தது பிழை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல ஏலாது. பிழை வேறு இடத்தில். அன்று நீ காட்டியபோது நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: இரத்தத்துக்கு வயது எதற்கு, ஒழுங்கை எதற்கு? பெயரும் வகையும் போதாதா? நீ கெட்டிக்காரி. அரை மணித்தியாலத்தில் அவற்றை எடுத்திருப்பாய். பிறகு யார் வந்து கேட்டாலும் அந்தப் பட்டியல் ஒரு பொடியனையும் காட்டிக் கொடுத்திருக்காது, செல்வராணிக்கு ஆளைக் காட்டியிருக்கும். இப்படிச் செய்யலாம் என்று யோசிக்க எனக்கு உன்னோடு கதைக்க வேண்டியிருந்தது. நான் உன்னையும் சந்தேகப்பட்டேன். அதனால் கதைக்கவில்லை. உன் பாடத்தில் அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் இரைச்சல் என்று எழுதியிருக்கிறாய். மின்னலும் பழைய வயரும்தான் உதாரணம் சொல்லியிருக்கிறாய். வீட்டுக்குள் நிற்கிற மனிதனையும் சேர்த்துக்கொள். இரண்டு பிரதி எடுக்கச் சொல்கிறாய், அதுவும் சரி. ஆனால் இரண்டு பிரதியும் இருக்கிற இடம் தெரிந்த ஒருவன் ஒரே மத்தியானத்தில் இரண்டையும் இல்லாமல் செய்யலாம். நாளைக்கு உன்னிடம் பெரிய இடங்களின் பட்டியல்கள் வரும். அடிப்பதற்கு முதல், இது எதற்கு, யார் யார் கேட்கலாம் என்று கேள். பதில் சரியில்லை என்றால் எழுந்து நின்று செய்யமாட்டேன் என்று சொல். பொத்தானை ஒளித்து அழுத்தாதே.

பட்டியலைப் பற்றிச் சைக்கிளில் வந்த அந்த இரண்டு பேருக்கும் யார் சொன்னார்கள் என்று நாலு வருடமாக யோசித்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: பரமநாதனைத்தான் சந்தேகித்தேன். மனைவி போன கோபத்தில் சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டி, அந்தக் கதையை நம்பி, சந்தியால் போவதையே விட்டேன். சைக்கிளுக்குக் காற்று அடிக்கக்கூட வேலணைக்கு உருட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பாடசாலையில் மேசை போட்டு ஊரே பார்க்க எழுதிய பட்டியலை யாரும் போய்ச் சொல்லத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காமல் இருக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

உன் நாலாம் பக்கத்தை வாசித்த மறுநாள் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. முழுவதையும் கேட்டுவிட்டு, “சங்கக்கடைக்காரனை எத்தினை தரம் போய்க் கேட்டனான் தெரியுமோ? அந்தக் கொப்பியில சுத்தின பொட்டலம் ஆருக்குக் குடுத்தனீங்கள் எண்டு” என்றா. இன்றுவரை தேவையான சொல்லைத் தவிர வேறு கதை இல்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வருகிறது.

அதற்கு அடுத்த நாள் சந்திக்குப் போனேன். பரமநாதன் ஒரு சைக்கிள் சில்லைக் கவிழ்த்து வைத்துக் கம்பி இறுக்கிக்கொண்டிருந்தார். “வாங்கோ அண்ணை, கனகாலம்” என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். கசெற்றைச் சொன்னேன், கொப்பியைச் சொன்னேன், அந்தோனிப்பிள்ளையின் பெயரை முக்கால் மணித்தியாலம் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் கம்பி இறுக்கும் சாவியைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கொப்பியை எரிச்சனீங்களோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“முழுக்கவோ?”

“ஓம்.”

“அரைவாசிக்கு மேல அவதான் எழுதினவ. வாசிகசாலையில இருந்து, வயித்தையும் வைச்சுக்கொண்டு. அவவின்ர கையெழுத்தெண்டு என்னட்ட ஒண்டுமில்லை அண்ணை. நாங்கள் ஒரு ஊருக்குள்ள இருந்து கலியாணம் கட்டினாக்கள், கடிதம் எழுத வேண்டி வரேல்லை. பிள்ளைக்குக் காட்ட அந்தக் கொப்பி எங்கயாவது ஆம்பிடும் எண்டு நான் இன்னும் கேட்டுக்கொண்டு திரியிறன்.”

மன்னிப்பு என்ற சொல்லை வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் மூன்று கடித உறைகள். உன் கையெழுத்து. ஒவ்வொரு வருடமும் செல்வராணியின் திவசத்துக்கு முந்தின கிழமை உன்னிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. நீ எங்களுக்குச் சொல்லவேயில்லை.

“இஞ்ச பாருங்கோ, மூண்டிலயும் ஒரே சங்கதிதான். என்ர கவனக்குறைவு, மன்னியுங்கோ, மன்னியுங்கோ எண்டு. நான் ஒண்டுக்கும் மறுமொழி போடேல்லை. என்னத்தை எழுதுறது? கோபமில்லை எண்டு எழுதினாலும் பிழை செய்தனீர் எண்டு ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும். அதுதான் விட்டிட்டன். அதையும் அந்தப் பிள்ளை கோபமெண்டுதான் நினைச்சிருக்கும்.” உறைகளை என்னிடம் தரவில்லை, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “உங்களுக்கு நான் இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது அண்ணை. பிறகு எண்டாலும் சொல்லுவனோ தெரியாது. ஆனா திவசம் அடுத்த மாசம் வருகுது. அந்தப் பிள்ளை இன்னொரு கடிதம் எழுதத் தொடங்க முதல் நீங்கள் எழுதிப் போடுங்கோ.”

அதனால்தான் எழுதினேன். இந்த வருடம் நீ அவருக்கு எழுதாதே.

அப்பா